காலை எடுத்தால் வெடிக்கும் கார்

ஞாயிறு ராத்திரி ரேஸ்கோர்ஸ் ரோட்டில் நடந்த விஷயத்தைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. வீடியோ கோயமுத்தூரின் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றி முடித்துவிட்டது. சைலன்சரில் படபடவென்று வெடித்துக்கொண்டே சுற்றிய அந்த வெள்ளை கார் மூன்றாவது ரவுண்டு வந்தபோது நான் மறித்துக் கேட்டது தப்பாம். 'பூமர் அங்கிளுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்' என்று ஒரு கமெண்ட். அதற்கு நூற்றுச் சொச்சம் பேர் சிரிப்பு.

சரி, தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் படபடவுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், ஓடுகிற எஞ்சினுக்கு ஈசியு (எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர்) பெட்ரோலை நிறுத்திவிடும். கம்பெனி அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறது. இந்த வெடிச்சத்தத்துக்கான 'பர்பிள்' (burble) ட்யூன் போடுகிறவர் லேப்டாப்பை மாட்டி, 'நிறுத்தாதே, ஊற்று. ஸ்பார்க்கையும் தாமதமாக அடி' என்று மாற்றிவிடுகிறார். சிலிண்டருக்குள் எரிய வேண்டியது புகை போகிற பைப்பில் போய் எரிகிறது. அவ்வளவுதான். கார் வேகம் குறையும்போது வருகிற சத்தம் அது. இன்னொரு தடவை சொல்கிறேன்: குறையும்போது. தம்பி, நீ காசு கொடுத்து வாங்கியிருப்பது 'நான் காலை எடுத்துவிட்டேன்' என்று ஊருக்குச் சொல்லும் தண்டோரா.

'ராலி கார்களில் இருந்ததே' என்பார்கள். இருந்தது. தொண்ணூறுகளின் இம்ப்ரெஸாவிலும் லான்சர் ஈவோவிலும், வளைவில் காலை எடுத்தாலும் டர்போ சுற்றிக்கொண்டே இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு அது. வெடிச்சத்தம் பக்கவிளைவு. நாம் பக்கவிளைவை மட்டும் பார்சல் கட்டி வாங்கி வந்திருக்கிறோம். அந்தச் சூட்டில், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் செராமிக் உருகி அடைத்துக்கொண்ட காரை நண்பரின் ஒர்க்‌ஷாப்பில் பார்த்தேன். ஓனர் 'பங்க்கில் பெட்ரோல் சரியில்லை' என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

தீபாவளிக்கு வெடிப்பதில்லையா என்று கேட்டவருக்கு: அதற்கே காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் குறித்திருக்கிறது. உங்கள் தீபாவளி வாராவாரம், ராத்திரி பதினொன்றரைக்கு. புல்லட்காரர்களை ஏன் கேட்பதில்லை? கேட்டிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். கோவில் மைக்? அது வேறு விஷயம், இப்போது அதற்குள் போகவில்லை. என் கார், என் காசு? மோட்டார் வாகனச் சட்டம் 190(2) படியுங்கள். ஒலி விதியை மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அப்புறம் 3 மாதத்துக்கு லைசென்ஸும் இல்லை. அதுவும் உங்கள் காசுதான்.

எனக்குச் சத்தமே ஆகாது என்று மட்டும் சொல்லாதீர்கள். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் நாள் முழுக்க வெயிலில் நின்று ரேஸ் பார்த்தவன் நான். அது வேலை செய்கிற எஞ்சினின் சத்தம். அக்கா பையனை ஆறு வயதில் முதன்முதலாக அங்கே கூட்டிப் போனதும் நான்தான். ஃபார்முலா கார்கள் கடந்தபோது என் தோள்மேல் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினான். அன்றைக்குத் தூங்கும்வரை வாயாலேயே கியர் மாற்றிக்கொண்டிருந்தான்.

அந்தப் பூமர் கமெண்டுக்குச் சிரித்தவர்கள் யார் என்று திறந்து பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன். மூன்றாவது பெயர் அவனுடையது.

அக்காவிடம் சொல்ல மாட்டேன். டேய், போன மாதம் காருக்கு ஸ்டேஜ் ஒன் ட்யூன் போட்டேன் என்றாயே, அதில் இந்தப் படபடவும் இருக்கிறதா? மாமாவுக்குப் போன் பண்ணு.