கிரேக்கப் பானையின் கறுப்பு மையா?

"பண்டைய கிரேக்கர்களின் ரகசியக் கறுப்பு மை, 2500 ஆண்டுகளாகியும் மங்கவில்லை" என்று ஒரு பானைப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பானை உண்மை, மங்காததும் உண்மை. மை என்பதுதான் தவறு.

ஏதென்ஸ் குயவர் பூசியது, பானை செய்த அதே வகை இரும்புச் சத்துள்ள களிமண்ணை நன்றாக வடித்தெடுத்த குழம்பு. பூசும்போது அது கறுப்பாகவே இருக்காது. வித்தை சூளையில்தான். முதலில் காற்று விட்டுச் சுட்டால் எல்லாம் சிவக்கும். அப்புறம் காற்றை அடைத்துப் பச்சை விறகைப் போட்டால் மொத்தப் பானையும் கறுக்கும். சுமார் 900 டிகிரியில் குழம்பு பூசிய இடம் மட்டும் கண்ணாடிபோல் இறுகிவிடும். மறுபடி காற்று விட்டதும் பானை மண் சிவப்புக்குத் திரும்பும், இறுகிய இடத்தில் காற்று புகாததால் அது கறுப்பாகவே நிற்கும். கணக்கு தப்பினால் கறுப்பின் நடுவே செந்திட்டு விழும். அப்படிப்பட்ட பானைகளும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மையாக இருந்தால் அது ஏன் சிவக்கப்போகிறது?

சில பானைகளில் கறுப்புக்கு நடுவே தெரியும் சிவப்பு உருவங்களும் சிவப்பு மை அல்ல. கி.மு. 530 வாக்கில் வந்த அந்தப் பாணியில், உருவத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் குழம்பைப் பூசினார்கள். தெரிவது வெறும் மண்.