ஒரு ரூபாய்க்கு எத்தனை லிட்டர்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் பார்க்கிறேன். ஆடிட்டர் வந்தால் ஃபைலை எடுத்து நீட்டுவது, பையர் அனுப்பும் எக்ஸெல் ஷீட்டை நிரப்புவது, இதுதான் பிழைப்பு. மார்ச் கணக்கு முடிந்ததும் ஷீட்டுகள் வரிசையாக வந்து விழும். ஒருவருக்குத் தண்ணீர்க் கணக்கு கிலோ லிட்டரில் வேண்டும், இன்னொருவருக்கு கேலனில்.

எங்களிடம் சரக்கு எடுப்பவர்களில் பங்குச்சந்தையில் இருக்கிற ஒரு கம்பெனியும் உண்டு. சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் இருப்பவர்கள் பிஆர்எஸ்ஆர் என்ற, தொழில் பொறுப்பு பற்றிய அறிக்கையை 2022-23 முதல் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்பது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. கரன்ட், தண்ணீர், புகை, கழிவு, ஆட்களுக்கான பாதுகாப்பு என்று எல்லாம் அதில் வரும். அதற்காக எங்கள் கணக்கையும் கேட்கிறார்கள். நல்ல விஷயம்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் எங்களிடம் இதையெல்லாம் இவ்வளவு விவரமாகக் கேட்க ஆள் இல்லை.

என் சண்டை அந்த அறிக்கையில் உள்ள ஒரு வரியோடு: வருவாயில் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு தண்ணீர்.

நாங்கள் இரண்டு விதமாக வேலை செய்கிறோம். சில பார்ட்டிகள் துணியைக் கொடுத்துச் சாயம் மட்டும் போடச் சொல்வார்கள், ஜாப் ஒர்க். சிலருக்கு நாங்களே நூல் வாங்கி, துணியாக ஓட்டி, சாயம் போட்டுக் கொடுப்போம். ஒரு கிலோ துணிக்கு 50 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். ஜாப் ஒர்க்கில் பில் 100 ரூபாய் என்றால் ரூபாய்க்கு அரை லிட்டர். அதே துணியை நூலோடு சேர்த்து 500 ரூபாய்க்குப் பில் போட்டால் ரூபாய்க்கு 0.1 லிட்டர். மெஷின் அதே, தண்ணீர் அதே. காகிதத்தில் மட்டும் 80 சதவீதம் மிச்சம்!

2022இல் பஞ்சு விலை ஏறியது ஞாபகம் இருக்கிறதா? ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. நூல் விலை ஏற, துணி விலை ஏற, வருவாயும் ஏறியது. நூல் விலை தாங்காமல் இங்கே ஸ்ட்ரைக் நடந்த வருஷம் அது. ஆனால் ரூபாய்க்கு எத்தனை லிட்டர் என்று வகுத்துப் பார்த்தால், அந்த வருஷம்தான் நாங்கள் இயற்கையின் செல்லப் பிள்ளைகள்.

மொத்த அளவையும் அறிக்கையில் கேட்கிறார்கள், உற்பத்திக் கணக்கில் போடவும் இடம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அட்டைப்படத்தில் பச்சை இலைக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஏறுவது எந்த எண் என்று நீங்களே புரட்டிப் பாருங்கள். எங்கள் டையிங் மாஸ்டரிடம் ரூபாய்க்கு எத்தனை லிட்டர் என்று கேட்டால் சிரிப்பார். அவருக்குத் தெரிந்தது கிலோவுக்கு எத்தனை லிட்டர். பழைய மெஷினில் ஒவ்வொரு தடவை துணியை முக்கும்போதும் கிலோவுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் வைத்த இடத்தில் புது மெஷினில் ஆறு வைக்கிறார். அது மிச்சம்.

சரி, வகுக்கும் எண்தான் இப்படி, வகுபடும் எண்ணாவது சுத்தமா என்றால், லாரித் தண்ணீர் கதை இருக்கிறது. கேட்டில் வாட்ச்மேன் ஒரு நாற்பது பக்க நோட்டில் லாரி வர வரக் கோடு போடுவார். ஐந்தாவது லாரிக்குக் குறுக்குக் கோடு. மாதக் கடைசியில் நான் கோடுகளை எண்ணி 12,000 லிட்டரால் பெருக்குவேன். லாரி நிரம்பி வந்ததா, வழியில் பாதி சிந்தியதா என்பது டிரைவருக்கே வெளிச்சம். அந்தப் பெருக்கல்தான் 'மூன்றாம் தரப்பு நீர்' என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்து, கடைசியில் இரண்டு தசம ஸ்தானத்தோடு அச்சாகிறது. படிக்கிறவர் என்ன துல்லியம் என்று நினைப்பார்.

ஆனால் கழிவு நீர்க் கணக்கு அப்படி இல்லை. அதற்கு மீட்டர் உண்டு, லாக் புக் உண்டு. ஏன்? நொய்யல் ஆற்றில் உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி நிலம் பாழானதும் நொய்யல் பாசன விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது. பளபளப்பான அறிக்கை எதுவும் அந்த மீட்டரைக் கொண்டுவரவில்லை. வழக்குதான் கொண்டுவந்தது.

லாரி இறக்கும் குழாயில் ஒரு மீட்டர் மாட்டலாம் என்று ஓனரிடம் இரண்டு தடவை சொல்லியாயிற்று. "பையர் கேட்டாரா?" என்றார். கேட்கவில்லை, உண்மைதான்.

இந்த வருஷம் ஷீட்டில் லாரித் தண்ணீர்க் கட்டத்தில் '12,000 × லாரி எண்ணிக்கை, மீட்டர் இல்லை, தோராயம்' என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. அந்தக் கட்டத்தில் எண் மட்டும்தான் ஏறுமாம், எழுத்து ஏறாதாம். திருத்தி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பிவிட்டேன்.