பண்டா கேட்டால் பண்டா ஆச்சேவா?

தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் இந்தப் பயண முகவர்களின் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? நேற்று மாலை வந்து சேர்ந்த பயணத் திட்டத்தைத் திறந்து பார்த்தபோது ஏறிய ஆத்திரம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. வாரக்கணக்கில் பேசி, மின்னஞ்சலில் எழுதி, வரைபடத்தில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பி, முன்பணமும் கட்டி முடித்த பிறகு, இந்தோனேசியாவில் நான் கேட்ட பண்டா நெய்ராவை விட்டுவிட்டு என்னைப் பண்டா ஆச்சேவுக்கு அனுப்பத் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

அட்டையில் கறுப்புக் குவிமாடங்களும் வெள்ளைச் சுவர்களுமாக ஆச்சேயின் பெரிய பள்ளிவாசல். இரண்டாம் நாள் சுனாமி அருங்காட்சியகம். மூன்றாம் நாள், 2004இல் அலை ஊருக்குள் தூக்கி வந்து போட்ட அந்த மின்னுற்பத்திக் கப்பல். ஆச்சே மக்கள் பட்ட துயரத்தை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. அங்கே போய்த் தலைகுனிந்து நிற்க வேண்டியவர்கள் போகட்டும். ஆனால் அது சுமத்ராவின் வடமேற்கு நுனி. நான் கேட்டது கிழக்கே, மலுக்கு மாகாணத்தில், பண்டாக் கடலின் நடுவில் இருக்கும் ஒரு கைப்பிடித் தீவுக்கூட்டம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 4000 கிலோமீட்டர். சென்னையிலிருந்து ஆச்சேவுக்கு உள்ள தூரம்கூட அதில் பாதிதான். திருநெல்வேலிக்கு டிக்கெட் கேட்டவனைத் திருப்பதியில் இறக்கிவிட்டு, இரண்டிலும் 'திரு' இருக்கிறதே என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

உடனே தொலைபேசியில் அழைத்தேன். நடந்த உரையாடலை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதே உரையாடலை வேறு வேறு ஊர்ப் பெயர்களோடு நீங்களும் நடத்தியிருப்பீர்கள்.

"சார், நீங்க பண்டான்னுதானே கேட்டீங்க?"

"பண்டா நெய்ரா என்று கேட்டேன், தம்பி. எழுத்திலும் கொடுத்திருக்கிறேன்."

"அதேதான் சார். ஆச்சேங்கிறது மாவட்டத்தோட பேரு."

"ஆச்சே சுமத்ராவில் இருக்கிற ஒரு மாகாணம். நான் போக வேண்டியது மலுக்கு. அம்போன் வரைக்கும் விமானம், அங்கிருந்து படகு. இதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

கணினியில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு துளித் தயக்கமும் இல்லாத குரலில், "ஆமா சார், மலுக்கு. அதுக்கு அங்கேயிருந்து படகு இருக்கு சார்" என்றார்.

"எங்கேயிருந்து?"

"ஆச்சேயிலேர்ந்து சார்."

"நான்காயிரம் கிலோமீட்டர் படகிலா போகச் சொல்கிறீர்கள்?"

"ஃபாஸ்ட் போட் சார்."

இதைக் கேட்ட கணத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. அந்தத் தம்பிக்கு அந்தத் தீவு எங்கே இருக்கிறதென்று தெரியாது. அதில் குற்றமே இல்லை. அவர் வேலைக்குச் சேர்ந்து எவ்வளவு காலமோ, யாரும் கற்றுக்கொடுத்தார்களோ இல்லையோ. ஆனால் இல்லாத படகு ஒன்றை, நொடி நேரத்தில், என் கையிலிருந்து பணம் வாங்கிக்கொண்டு உருவாக்குகிறாரே, அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? அந்தப் படகை நம்பி, வயதான தாய் தகப்பனையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஒரு குடும்பம் ஆச்சேயில் போய் இறங்கியிருந்தால் அவர்கள் யாரிடம் போய் நிற்பார்கள்?

பேச்சை மேலாளரிடம் மாற்றினார். அவர் இன்னும் இனிமையாகப் பேசினார். ஆச்சே வேண்டாம் என்றால் பாலியில் இறங்கிக்கொள்ளலாம், பாலியிலிருந்து பண்டாவுக்குத் தினமும் ஃபெர்ரி, நான்கு மணி நேரம்தான் என்றார். பாலிக்கும் பண்டாவுக்கும் நடுவே 1600 கிலோமீட்டருக்கு மேல் கடல் கிடக்கிறது. எந்தத் துறைமுகத்திலிருந்து அந்த ஃபெர்ரி கிளம்புகிறது என்று கேட்டேன். அங்கே போனதும் எங்கள் ஆள் சொல்வார் என்றார். அந்த ஆள் யார், அவர் எண்ணைக் கொடுங்கள் என்றேன். முழுப் பணமும் கட்டிய பிறகுதான் கொடுக்க முடியும் என்றார். அப்படியானால் பண்டாவில் தங்குமிடம் எது என்று கேட்டேன். கடலைப் பார்த்த நான்கு நட்சத்திர விடுதி என்று சொல்லிவிட்டு, பெயரை மட்டும் பிறகு தருவதாகச் சொன்னார். கடைசியாக, "எரிமலைதானே சார் பார்க்கணும், பாலியிலேயே இருக்கே, எதுக்கு இவ்வளவு தூரம்?" என்று எனக்கே புத்தி சொன்னார். அதற்கும் நான் மசியவில்லை என்றதும், எரிமலைத் தீவு வேண்டுமென்றால் மாலத்தீவில் தள்ளுபடி ஓடுகிறது என்றார். மாலத்தீவு முழுக்கப் பவளப்பாறைத் தீவுகள் ஐயா. கண்ணுக்குத் தெரிகிற ஒரு மலைகூட அங்கே கிடையாது.

எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்டாரே, அதற்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில், சின்ன டப்பாவில், பச்சைக் குழந்தைக்கு உரைமருந்து தேய்ப்பதற்கென்று வைத்திருக்கிறோமே ஜாதிக்காய், பிரியாணியில் போடுகிறோமே ஜாதிபத்திரி, இவை இரண்டும் ஒரே பழத்தின் கொட்டையும் அதன்மேல் சிவப்பு வலைபோல ஒட்டியிருக்கும் தோலும்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகச் சந்தைக்கு அவை வந்ததெல்லாம் இந்தத் தீவுகளிலிருந்துதான். அந்த ஏகபோகத்துக்காக 1621இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, யான் பீட்டர்சோன் கூன் தலைமையில் பண்டாவைப் பிடித்து, அந்த மக்களைக் கொன்றும் பட்டினி போட்டும் நாடு கடத்தியும் ஏறத்தாழ அழித்தே விட்டது. சுமார் 15000 பேர் இருந்த இடத்தில் ஆயிரம் பேர் அளவுக்குத்தான் மிஞ்சினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அதே கூட்டத்தைச் சேர்ந்த ரன் என்ற துணுக்குத் தீவின் மேல் ஆங்கிலேயர் வைத்திருந்த உரிமை, 1667இல் பிரெடா உடன்படிக்கையில் டச்சுக்காரர்களுக்குப் போனது. அதே உடன்படிக்கையில், இன்று நியூயார்க்கின் நடுவில் இருக்கும் மன்ஹாட்டன் ஆங்கிலேயரிடம் நின்றது.

இதில் நமக்கு என்ன என்று கேட்பவர்கள் பழவேற்காட்டுக்குப் போய் அந்த டச்சுக் கல்லறைகளைப் பாருங்கள். அங்கே 1613இல் எழுந்த கெல்டிரியா கோட்டையிலிருந்துதான் சோழமண்டலக் கரையின் துணிகளைக் கம்பெனி கப்பலேற்றியது. கீழைத் தீவுகளில் மசாலா வாங்க வெள்ளியைவிட அந்தத் துணிதான் செல்லுபடியானது. துணி மட்டுமா போனது? பஞ்ச காலங்களில் நம் கரை மக்களையும் அடிமைகளாக வாங்கித் தன் கீழைக் குடியேற்றங்களுக்கு அதே கம்பெனி கொண்டுபோனது. எனக்குப் பண்டா பார்த்தே தீர வேண்டிய இடம். பெல்ஜிகா கோட்டையின் ஐந்து மூலைச் சுவர்மேல் நின்று, எதிரே கடலிலிருந்து நேராக எழும் குனுங் அப்பி எரிமலையை நான் பார்க்க வேண்டும். 1988இல் அது வெடித்தபோது தீக்குழம்பு கடலுக்குள் இறங்கி, அடியில் இருந்த பவளத்தையெல்லாம் பொசுக்கிப் போட்டது. அந்தக் கரும்பாறைமேல் சில ஆண்டுகளுக்குள் பவளம் மறுபடி அடர்ந்து வளர்ந்த வேகத்தைக் கண்டு கடலியலாளர்களே வியந்தார்கள். இந்தோனேசிய விடுதலைப் போராட்டத் தலைவர்களான ஹத்தாவும் ஷாரிரும் 1936இலிருந்து 1942 வரை சிறைக்காவலில் வாழ்ந்த ஊர் அது. அந்த நாடு தன் 1000 ரூபியா நோட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் ஊர் அது. அதைப் போய், பாலியிலேயே இருக்கிறதே என்று சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

இணையத்தில் நாமே பதிந்துகொண்டால் போயிற்று என்று சொல்பவர்கள் ஒருமுறை முயன்று பாருங்கள். பதிவுத் தளத்தில் 'பண்டா' என்று தட்டச்சு செய்தால் பாண்டுங் வரும், பண்டா ஆச்சே வரும், பண்டார் லாம்புங் வரும், புருனேயின் பண்டார் செரி பெகவான்கூட வரும். பண்டா நெய்ரா மட்டும் வராது. அங்கே போகும் சிறு விமானம் ஒரு டஜன் பேரை மட்டும் ஏற்றும் வகை. அதன் டிக்கெட்டைப் பெரும்பாலும் உள்ளூரில்தான் வாங்க வேண்டும், அதுவும் பறக்கும் என்ற உறுதி இல்லை. அம்போனுக்குப் பக்கத்தில் உள்ள துலேஹு துறைமுகத்திலிருந்து விரைவுப் படகு ஆறு மணி நேரம் போல ஓடுகிறது. வாரத்தில் சில நாள்கள்தான், கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. அரசின் பெரிய பயணிகள் கப்பல் இரவு முழுக்க ஓடிப் போய்ச் சேரும். அதன் கால அட்டவணை மாதத்துக்கு மாதம் மாறும்.

ஆகவே இப்படிப்பட்ட தீவுக்குத் திட்டம் போடுகிறவர் கடலிலிருந்துதான் தொடங்க வேண்டும். முதலில் எந்த மாதம் கடல் அமைதி என்று பார்க்க வேண்டும். செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் வரையும், மார்ச், ஏப்ரலிலும் நிலைமை பரவாயில்லை. பிறகு அந்த வாரத்துப் படகைப் பிடிக்க வேண்டும். அதன்பின் அம்போனில் முன்னும் பின்னும் ஓரிரு நாள் காலியாக விட வேண்டும். கடைசியில்தான் சென்னையிலிருந்து சிங்கப்பூரோ கோலாலம்பூரோ வழியாக ஜகார்த்தாவுக்கும், அங்கிருந்து அம்போனுக்கும் விமானம் பார்க்க வேண்டும். நம் முகவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விமான டிக்கெட்டைத்தான் முதலில் நம் தலையில் கட்டுகிறார்கள், ஏனென்றால் தரகு அதில்தான் இருக்கிறது. எனக்கு முதலில் அனுப்பிய திட்டத்தில் ஜூலை மாதம் என்று போட்டு, சீசன் இல்லாத காலத் தள்ளுபடி என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். ஜூலையில் கிழக்குப் பருவக்காற்று அடித்து, பண்டாக் கடலில் படகுகளை நிறுத்திவைக்கும் காலம் அது! தள்ளுபடி ஏன் கிடைக்கிறது என்று ஒருவர்கூட யோசிக்கவில்லையா?

நான் கேட்பது பெரிய சேவை எதுவும் இல்லை. பண்டா நெய்ராவில் வீட்டின் ஒரு பகுதியை விடுதியாக நடத்தும் ஒருவருக்கு வாட்ஸப்பில் எழுதினேன். அவர் அதிகாலையிலேயே பதில் அனுப்பியிருந்தார். அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அக்டோபர் படகு நாள்கள் இப்போது தனக்குத் தெரியாது, செப்டம்பர் கடைசியில் கேளுங்கள், அறையை அதுவரை வைத்திருக்கிறேன், முன்பணம் வேண்டாம், படகு வராவிட்டால் இன்னும் ஓரிரு நாள் இங்கேயே தங்கும்படி ஆகலாம், அதற்குத் தயாராக வாருங்கள் என்று அதில் இருந்தது. சுத்தமான, நேர்மையான 'தெரியாது'. அந்த ஒரு சொல்லை நம்பி என்னால் விடுமுறைக்கு விண்ணப்பிக்க முடிந்தது. அங்கேயே வாங்கிக்கொள்ளும் விசா முப்பது நாளுக்கு என்பதால் அதற்குள் எத்தனை நாள் கூடுதலாக ஒதுக்கலாம் என்று கணக்குப் போட முடிந்தது. பளபளப்பான அட்டையும், வரவேற்பறையும், 'கனவுப் பயணம்' என்ற வாசகமும் வைத்திருப்பவர்களால் கொடுக்க முடியாத தகவலை, அலைபேசியில் நான்கு வரியில் அந்த மனிதர் கொடுத்துவிட்டார்.

பயணத்தை ரத்து செய்துவிட்டு முன்பணத்தைத் திருப்பிக் கேட்டேன். இன்று காலை அவர்களின் கணக்குப் பிரிவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பண்டா ஆச்சே விடுதி முன்பதிவை ரத்து செய்ததற்கான கட்டணம், செயல்முறைக் கட்டணம், அதன் மேல் வரி, இவையெல்லாம் கழித்து மீதியைத் தருவார்களாம். நான் கேட்காத ஊரில், நான் பார்க்காத விடுதியில், அவர்களாகவே போட்ட அறையை அவர்களாகவே விட்டதற்கு நான் கட்டணம் கட்ட வேண்டுமாம்! அனுப்பிய ஒவ்வொரு மின்னஞ்சலையும், சிவப்பு வட்டம் போட்ட அந்த வரைபடத்தையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன். ஒரு ரூபாய்கூட விடுவதாக இல்லை.