தாழ்ந்த ஹேண்டில்பாரும் நிமிர்ந்த முதுகும்

மலேசியாவின் பீடோரில் ஞாயிறு விடியற்காலையில் சைக்கிளோட்டக் கூடும் எங்கள் தம்பிமாரிடையே ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. ஐரோப்பியப் பந்தயங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, 38 சென்டிமீட்டர் அகல ஹேண்டில்பாரை வாங்கி, அதைத் தாங்கும் ஸ்டெம் என்ற குட்டைக் கம்பிக்கு அடியிலுள்ள, உயரம் கூட்டும் வளையங்களை எல்லாம் கழற்றிவிட்டு, இருக்கையைவிட அரைச் சாண் தாழ்வாகப் பூட்டிக்கொள்கிறார்கள். இது பெரும்பாலோருக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. நானும் அதையே செய்து, காசு கொடுத்துப் பாடம் கற்றவன்.

அவர்கள் சொல்லும் காரணத்தில் பிழையில்லை. சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதற்கே செலவாகிறது. அந்தக் காற்றை மறிப்பதும் சைக்கிளைவிட நம் உடம்புதான். 1989ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில், முன்கைகளை நீட்டிச் சாய்த்துக்கொள்ளும் கம்பியைப் பூட்டி ஓட்டிய கிரெக் லெமாண்ட், 50 வினாடி பின்தங்கியிருந்தும் லாரன்ட் ஃபின்யோனை மொத்தத்தில் 8 வினாடியில் வென்றதை இங்கே எல்லாருமே எடுத்துக்காட்டுகிறார்கள். (ஃபின்யோன் அன்று இருக்கைப் புண்ணோடு ஓட்டினார் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை.) ஆனால் அது ஒவ்வொருவராக நேரம் கணக்கிட்டு ஓட்டும் 24.5 கிலோமீட்டர் தூரத் தனியோட்டம். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. கூட்டமாக ஓடும் சாலைப் பந்தயத்தில் அந்தக் கம்பிக்கு அனுமதி கிடையாது. சாதாரண ஹேண்டில்பார்மீது முன்கையைச் சாய்ப்பதையும் உலக சைக்கிள் சம்மேளனம் 2021இல் தடைசெய்துவிட்டது.

என் கதைக்கு வருகிறேன். தாழ்த்திப் பூட்டிய சைக்கிளோடு நான் கலந்துகொண்ட பந்தயத்தில், முதல் ஒரு மணி நேரம் பறந்தேன் என்றே சொல்லலாம். மூன்றாவது மணியில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. உடல் பாரம் முழுவதும் உள்ளங்கையில் இறங்கி, அங்கே ஓடும் நரம்பு நசுங்கியதே காரணம். கழுத்தும் இற்றுவிட, கடைசி 40 கிலோமீட்டரை ஹேண்டில்பாரின் மேல்கம்பியைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தபடியே ஓட்டினேன். காற்றுக்கு ஒளியவென்று வாங்கிய ஹேண்டில்பார், பழையதைவிட அதிகமாக என்னைக் காற்றுக்குக் காட்டிக்கொடுத்தது.

ஆகவே ஹேண்டில்பாரிலிருந்து தொடங்கக் கூடாது. முதலில் இருக்கையின் உயரத்தையும் முன்பின் நிலையையும் முழங்காலுக்கு ஏற்றவாறு அமைத்துவிட்டு, அதன்பின் முழங்கையை மடக்கி ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்து எவ்வளவு நேரம் மூச்சுத் திணறாமல் மிதிக்க முடிகிறது என்று பார்க்க வேண்டும். இருபது நிமிடம் தாங்கவில்லையென்றால் ஒரு வளையத்தைத் திரும்பப் போட வேண்டும். அகலத்துக்குத் தோள் எலும்பின் இரு முனைகளுக்கு இடைப்பட்ட அளவே நல்ல தொடக்கம்.

நம் சாலைகளையும் மறக்கலாகாது. தெலுக் இந்தான் பக்கம் தட்டையாக ஓடும் சாலையில் குனிந்தால் பலன் உண்டு. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது வேகம் குறைந்துவிடுவதால் காற்றைவிட மூச்சே பெரிது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் வளைவுகளில் உதிர்த்துவிட்டுப் போகும் பழங்களின்மேல் சக்கரம் ஏறும்போது, இரண்டு சென்டிமீட்டர் கூடுதல் அகலம் தரும் பிடிமானம் எவ்வளவு என்று விழுந்தவருக்குத்தான் தெரியும்.

இப்போது நான் ஓட்டுவது 42. ஸ்டெம்முக்கு அடியில் இரண்டு வளையங்கள். பழைய 38ஐ அக்காள் மகன் கேட்டான். தோளை அளந்து பார்த்தேன், 41 இருந்தது, கொடுக்கவில்லை.