கழுதைத்தலை வியாபாரம்

(பைபிள் கால இஸ்ரவேலின் தலைநகரான சமாரியா. சீரியா ராஜா பெனாதாத் வெளியே வளைத்து உட்கார்ந்திருக்கிறான். உள்ளே பஞ்சம். நகர வாசலில் ஒரு வியாபாரி, ஒரு காவலாளி.)

வியாபாரி: கழுதைத்தலை எண்பது வெள்ளிக்காசு! நேற்றைய விலைதான், வாங்க!

காவலாளி: இன்றைக்கே தள்ளிவிடுங்கள், அண்ணே. நாளைக்கு இந்நேரம் இதே வாசலில் ஒரு மரக்கால் கோதுமை மா ஒரு சேக்கல் வெள்ளிக்கு விற்குமாம். வாற்கோதுமை என்றால் இரண்டு மரக்கால்.

வியாபாரி: யார் சொன்னது?

காவலாளி: தீர்க்கதரிசி எலிசா. கர்த்தருடைய வார்த்தை என்றாராம்.

வியாபாரி: ‘நல்ல காலம் பிறக்கும்’ என்று பொதுவாகச் சொன்னால் எப்போதும் தப்பித்துக்கொள்ளலாம். இவர் நேரம், இடம், சரக்கு, விலை எல்லாம் சொல்லி மாட்டிக்கொள்கிறாரே!

காவலாளி: சூனேம் ஊர் அம்மாவிடம் அடுத்த வருஷம் இதே காலத்தில் கையில் பிள்ளை இருக்கும் என்றார். இருந்ததே?

வியாபாரி: பிள்ளைக்குப் பத்து மாதம் போதும், தம்பி. ஏறின விலை ஒரே நாளில் இறங்கி எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

காவலாளி: ராஜாவின் பிரதானியும் உங்கள் கட்சிதான். கர்த்தர் வானத்தில் மதகு திறந்தாலும் நடக்குமா என்றாராம். ‘கண்ணால் காண்பாய், ஆனால் சாப்பிடமாட்டாய்’ என்று பதில் வந்தது.

வியாபாரி: திட்டுவதில்கூட இவ்வளவு கணக்கா!

(இரவு. நான்கு குஷ்டரோகிகள் வாசலுக்கு வெளியே நின்று கூப்பிடுகிறார்கள்.)

காவலாளி: அண்ணே, எழுந்திருங்கள்! சீரியர் பாளயம் காலி! ரதச் சத்தமும் குதிரைச் சத்தமும் கேட்டு, ஏத்தியரையும் எகிப்தியரையும் நம் ராஜா கூலிக்குப் பிடித்துவிட்டார் என்று பயந்து ஓடிவிட்டார்கள். கூடாரம், குதிரை, கழுதை எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கிறதாம்.

வியாபாரி: கழுதையுமா? முழுசாகவா?

காவலாளி: உடம்போடு. கட்டிப்போட்டபடி.

(வியாபாரி தலையில் கை வைக்கிறார். தன் தலையில்தான். ராஜாவுக்கோ இது சூழ்ச்சி என்று சந்தேகம், ராஜாக்கள் அப்படித்தான். ஆள் அனுப்பி யோர்தான் வரை பார்க்கிறார்கள். வழியெல்லாம் சீரியர் உதறிப்போட்ட துணியும் பாத்திரமும். அப்புறம் ஊரே வாசலில் முட்டிமோதுகிறது. அங்கே நிறுத்தப்பட்டிருந்த பிரதானி மிதிபட்டுச் செத்தார். கண்டார், சாப்பிடவில்லை.)

காவலாளி: என்ன அண்ணே, வெறும் சாக்கோடு நிற்கிறீர்கள்?

வியாபாரி: பாளயத்து மா. மரக்கால் மூன்று சேக்கல் என்று கூவினேன், ஒருவனும் திரும்பவில்லை. இரண்டு என்றேன், அதற்கும் இல்லை. ஒன்று என்றதும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

காவலாளி: அரைக்கு யாரும் கேட்கவில்லையா?

வியாபாரி: ஒரு கிழவி கேட்டாள். என்னவோ தெரியவில்லை, அதற்குக் கீழே இறங்க மனசு வரவில்லை.

காவலாளி: அப்படியானால் தீர்க்கதரிசனத்தை நிறைவேற்றியதே நீங்கள்தான்!

வியாபாரி: அதை விடு, தம்பி. நாளைய விலை ஏதாவது சொன்னாரா?