அந்தப் படிக்கட்டை அளந்தது யார்?

பழைய கட்டடங்களை அளப்பது பற்றி நேற்று நடந்த ஆன்லைன் அமர்வைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. "லேசர் ஸ்கேனர் வந்தாச்சு, இனிமே டேப் பிடிக்கிறவங்க ரிட்டயர் ஆகலாம்" என்றார் அதில் பேசிய நண்பர். கைதட்டல் எமோஜி மழை. தட்டியதில் என் பழைய மாணவர்கள் சிலரும் உண்டு. இருக்கட்டும்.

ஸ்கேனர் தருவது புள்ளிகள். கோடிக்கணக்கான புள்ளிகள். அதில் எது 12ஆம் நூற்றாண்டுக் கல், எது போன வருஷம் பூசிய சிமென்ட் என்று ஸ்கேனருக்குத் தெரியாது. அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் சுவர் பக்கத்தில் நின்று பார்த்தவராக இருக்க வேண்டும். இவ்வளவுதான் நான் சொல்வது.

உடனே பாரிஸின் நோத்ருதாம் தேவாலயத்தைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். வாருங்கள். ஆண்ட்ரூ டாலன் 2010இல் அதை லேசரால் அளந்தார், நூறு கோடிக்கும் மேல் புள்ளிகள். மேற்குப் பக்கத் தூண்கள் ஒரே வரிசையில் நிற்கவில்லை என்பது அதில் தெரிந்தது. ஏற்கெனவே இருந்த கட்டுமானத்தை இடிக்காமல் புதியதோடு சேர்த்துக்கொண்டு கட்டியிருக்கிறார்கள் என்று அதை விளக்கியது யார்? மெஷினா? டாலன் இடைக்கால ஐரோப்பாவின் கோதிக் கட்டடங்களிலேயே ஊறிய கலை வரலாற்றாளர். கேள்வியோடு போனார், பதில் கிடைத்தது. 2019இல் தீப்பிடித்ததும் உலகமே அவர் ஸ்கேனைப் பற்றிப் பேசியது, நியாயம்தான். ஆனால் எரிந்துபோன அந்தக் கூரையை 2014இலேயே மரம் மரமாக ஆராய்ந்து வரைந்து வைத்திருந்த இரண்டு கட்டடக்கலைஞர்களை, ஃப்ரொமோ, த்ராந்தெசோ, உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கூரையைத் திரும்பக் கட்டும்போது அந்த வரைபடங்கள்தான் கைகொடுத்தன.

இன்னொன்று. கட்டடத்தைப் படமெடுத்து அதிலிருந்து அளக்கலாம் என்று ஜெர்மன் கட்டடக்கலைஞர் மைடன்பாவருக்குத் தோன்றியதே 1858இல் வெட்ஸ்லர் தேவாலயத்தைக் கையால் அளக்கப் போய், மேலிருந்து விழப் பார்த்தபோதுதான். படத்திலிருந்து அளக்கும் உங்கள் ஃபோட்டோகிராமெட்ரிக்கும் பாட்டன் ஒரு டேப் பிடித்தவன்தான் ஐயா.

"டெக்னாலஜி எதிரி" என்பீர்கள். நானே போன மாதம் 600 போட்டோ எடுத்துப் போட்டு ராத்திரி முழுக்க லேப்டாப்பை உறும விட்டவன். "டேப் தொய்யும், கை தப்பும்" என்பீர்கள். சரி, தப்பும். அடுத்தது? கம்போடியாவின் பழைய தலைநகர் அங்கோர். காட்டுக்குள் புதைந்த நகர அமைப்பை 2012இல் லைடார், அதாவது வானிலிருந்து லேசரால் அளக்கும் முறை, மேலிருந்து காட்டியது, பிரமாதம், மறுக்கவே இல்லை. ஆனால் எந்த மேடு கரை, எந்த மேடு குடியிருப்பு என்று சொன்னவர்கள் பல வருஷம் அந்த மண்ணில் நடந்தவர்கள், தோண்டியவர்கள்.

என் கதைக்கு வருகிறேன். சுவருக்குள்ளேயே ஏறும் ஒரு குறுகல் படிக்கட்டு. பக்கவாட்டில் திரும்பினால்தான் ஆள் நுழையலாம். வாயில் டார்ச், கையில் டேப், இரண்டு நாள். ஒன்பதாவது படியில் கால் இடறியது. எரிச்சலோடு அளந்து பார்த்தால் அதுவரை 19 சென்டிமீட்டராக இருந்த படி உயரம் அங்கிருந்து 22. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். உளித் தடமும் மாறியிருந்தது, கீழே சாய்வாக, மேலே செங்குத்தாக. வேலை அங்கே நின்றுபோய், பிறகு வேறு கைகள் தொடர்ந்திருக்கின்றன. முதலில் கண்டுபிடித்தது என் கால்தான். அதை எந்த மென்பொருளில் ஏற்றுவது?

ஸ்கேனருக்குப் பார்வை போகாத இடத்தில் ஓட்டை விழும். அதை மென்பொருள் தானே இழுத்து மூடிவிடும், வழவழவென்று. பிறகு அதைப் பார்த்து, "இங்கே திடச்சுவர்" என்று ஒரு பையன் ஆய்வேடு எழுதுவான். நான் படித்திருக்கிறேன் அப்படி ஒன்றை.

இதையெல்லாம் நேற்றே சொல்லாமல் ஏன் கம்மென்று இருந்தாய் என்று இன்பாக்ஸில் கேட்கிறார்கள். சொல்லிவிடுகிறேன். நண்பர் திரையில் சுழற்றிக் காட்டிய அந்த வண்ண மாடலில் என் படிக்கட்டும் இருந்தது. "லேசர் ஸ்கேன் வழி" என்று கீழே எழுத்து. ஸ்கேனரை நிறுத்தும் முக்காலி நுழையவே முடியாத இடம் அது. நான் அன்றைக்குக் கொடுத்த வரைபடத்தில் களைப்பில் ஒரு படியை விட்டுவிட்டேன். உண்மையில் 23 படி, வரைந்தது 22. பிறகுதான் கவனித்தேன், வெட்கமாக இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று அந்த மாடலில் படிகளை நிறுத்தி நிறுத்தி எண்ணினேன். 22.