எனக்கு ஆச்சி இருந்தாள்

பெற்றோர் சண்டை போடும் வீட்டுப் பிள்ளைகள் மனதளவில் தேறுவதே இல்லை என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் 40 வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, ஓயாத சண்டை எனப் பல சிக்கல்களுக்கு நடுவே வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையோடு, பிறர்மேல் அக்கறையுள்ளவர்களாக வந்தார்கள். அவர்களுக்குப் பாசம் காட்ட ஒருவராவது இருந்தார். தாத்தா பாட்டி, அக்கா, ஆசிரியர் என்று யாரோ ஒருவர்.

எனக்கு ஆச்சி. அப்பா குடித்துவிட்டு வந்து கத்தத் தொடங்கினால் என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், முறத்தில் பூண்டைக் கொட்டி உரிக்கச் சொல்வாள். "அழணும்னா அழுதுக்கோ, ஆச்சி இங்கனதான் இருக்கேன்" என்பாள். அழாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. மறுநாள் காலையில் தலை வாரிவிடும்போது, "ராத்திரி பயந்துட்டியா?" என்று மெதுவாகக் கேட்பாள். வீட்டில் வேறு யாரும் நடந்ததைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள்.

என்னைப் போன்ற பிள்ளைகளை வளர்க்கும் அம்மாக்களும் இதைப் படிப்பார்கள். அந்த ஒரு வரியைத் தயவுசெய்து திருத்துங்கள்.